பெயர் சுமந்த மண்டையோடு

என் வாக்குமூலத்தில் வீசலைக் கீரி என்று எழுதிவிட்டீர்கள். பரவாயில்லை ஐயா, எல்லாரும் செய்கிற தவறுதான். கீரி பூனைப் பக்கத்துச் சொந்தம். வீசல் நாய்ப் பக்கத்துச் சொந்தம். எலிப் பொந்துக்குள்ளேயே நுழைந்து வேட்டையாடுகிற ஒல்லிப் பிராணி. மனிதர்கள் வீட்டில் வளர்க்கிற ஃபெரெட் வேண்டுமானால் அதற்குப் பங்காளி. வீசல், ஃபெரெட் இரண்டுக்கும் அறிவியல் முன்பெயர் முஸ்டெலா. பின்னால் வருவதுதான் அந்தந்த இனத்தின் சொந்தப் பெயர். இதைத் திருத்திவிடுங்கள், மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் அருங்காட்சியகத்தின் பாலூட்டிகள் பிரிவில் ஒரே அறையில் வேலை பார்த்தோம். ஜன்னல் ஓரம் அவர் மேசை, இழுப்பறைகள் பக்கம் என்னுடையது. அவருக்கு ஃபெரெட் பைத்தியம். அது தனி இனமா, காட்டு மூதாதையே வீட்டுக்குப் பழகிப்போனதா என்ற வழக்கைச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்துவிடுவார். "கல்யாணம் ஆகி என் வீட்டுக்கு வந்ததால உங்கம்மா வேற இனமாயிட்டாளா?" என்று மகளிடம் கேட்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் ஒரு பழைய இழுப்பறையில் அந்த வீசல் மண்டையோடு எனக்குக் கிடைத்தது. எங்களிடம் இருந்த எல்லாவற்றையும்விடச் சின்னது. மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகள் குட்டிக்குத் தெளிவாகத் தெரியும். வளர வளர மறைந்துவிடும். இதில் கோடே தெரியவில்லை. ஆகவே வளர்ந்த விலங்கு, ஆகவே புது இனம். அப்படித்தான் ஆய்விதழில் எழுதினேன். முஸ்டெலாவுக்குப் பின்னால் என் மகளின் பெயரை வைத்தேன். இனி எந்த நாட்டில் யார் அந்த விலங்கைப் பற்றி எழுதினாலும் அவள் பெயரை எழுதித்தான் ஆகவேண்டும். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

அவர் அந்த மண்டையோட்டைச் சுத்தம் செய்ய எடுத்துக்கொண்டார். அடுத்த இதழில் அவர் எழுதியது வந்தது. அது குட்டியின் மண்டையோடு, புது இனம் இல்லை, பெயர் செல்லாது. எங்கள் விதிப்படி, ஒருமுறை வைத்த பெயரை முஸ்டெலா என்ற அதே பேரினத்தில் வேறு எந்த விலங்குக்கும் வைக்க முடியாது. என் பிள்ளையை இரண்டாவது தடவை புதைத்தார் அந்த மனிதர்.

"ஏங்க, பெத்த பொண்ணு பேரை அடிக்க எப்படிங்க மனசு வந்துச்சு?"

"அது குட்டியோட மண்டையோடும்மா. அவ பேரு ஒரு பொய்யில தொங்கணுமா?"

 நான் சண்டை போடவில்லை. வழக்கம்போல் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டேன், மதியச் சாப்பாடு கட்டினேன், பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

எங்கள் பழைய தோல்களுக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் பாஷாணம் பூசியிருக்கிறார்கள். அதன் தூசி பட்ட கையை வாய்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது எங்களுக்குப் பால பாடம். பாடம் எடுக்கிற இவருக்கோ தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குகிற பழக்கம். மண்டையோட்டின் பல் இடுக்கைச் சுத்தம் செய்யக் கூரான நுனி வேண்டுமாம். "வாயில வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் எழுதிய இதழ் வந்த பிறகு நான் சொல்வதை நிறுத்தினேன். வாய் ஓயாமல் சொன்னவள் ஓய்ந்துபோனாள். அது குற்றமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, முழுவதையும் கேட்கிறீர்கள். தினமும் காலையில் அவர் அறைக்குள் வருவதற்கு முன்னால், மிகப் பழைய தோல்களின் தூசியை அந்தத் தூரிகையில் நானே ஏற்றி வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டேன், எனக்கு என் உடம்பு முக்கியம். முதலில் வயிற்றுக் கோளாறு என்றார்கள். பிறகு நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்தது. சாதத்தைக் குழைய வடித்து நான்தான் ஊட்டிவிட்டேன். அவர் மெலிய மெலிய என் மனசு ஆறியது. அதை மறைக்க மாட்டேன். கொன்றது நான்தான். உண்மைக்குப் பாடுபடுகிற துறையில் ஒரு நல்ல பெயரைக் கொன்றவருக்கு அதைவிடக் குறைவாக என்ன கொடுப்பது?

மருத்துவமனையில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மண்டையோட்டுக் கோட்டுல பசை வெச்சு மூடியிருந்துச்சும்மா. தூரிகை பட்டதும் பேந்து வந்துடுச்சு. நான் யாருக்கும் சொல்லல. வயசைக் கணிச்சதுல தப்புன்னு மட்டும்தான் எழுதினேன். உன் பேரு கெடக்கூடாதில்ல."

சாகப்போகிற நேரத்தில் கட்டின மனைவிமேல் எப்படிப்பட்ட அபாண்டம், பாருங்கள். நான் வைத்தது பசையே இல்லை ஐயா, மெழுகு.