ஒரு நாளைக்கு வந்துட்டுப் போ

தசரதன்: அதுக்கில்ல லோகு... சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.

லோகாம்பாள்: பசியாவரத்துலேர்ந்து கோட்டைக்குப்பத்துக்கு, இந்த எதுகாத்துல படகு தள்ளிகினு, சும்மா வந்தியா?

தசரதன்: கட்டுன பொண்டாட்டியப் பாக்கக் காரணம் வேணுமா?

லோகாம்பாள்: பத்து மாசமா அந்தக் காரணம் எங்க போயிருந்துச்சு?

அம்மணி: லோகா, அந்த எறாக் கூடைய இப்டித் தள்ளு, தலை கிள்ளிடறேன். யாரு இது, உன் ஊட்டுக்காரரா? உக்காருய்யா. அங்க இல்ல, அது நான் காய வெச்ச கருவாடு.

தசரதன்: இவங்க யாரு?

லோகாம்பாள்: அம்மணிக்கா. எனக்கு இந்தக் குடிசைய வாடகைக்கு வுட்டவங்க. பக்கத்துலதான் கீறாங்க. நடுவுல ஒரு ஓலைத் தட்டிதான். நீ பேசறது அத்தனையும் அவங்களுக்குக் கேக்கும்.

அம்மணி: அதான் நேரா வந்துட்டேன். ஒட்டுக் கேக்கறது எனக்குப் புடிக்காது.

தசரதன்: எளச்சிட்ட லோகு.

லோகாம்பாள்: பெருத்துட்டேன்யா. பழைய வளையலு ஒண்ணும் ஏற மாட்டேங்குது.

தசரதன்: நான்தான் எளச்சிட்டேன் போல. உன்ன நெனச்சா சோறு எறங்கல.

அம்மணி: எறங்கலையா, ஆக்கிப் போட ஆளில்லையா?

தசரதன்: நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா.

அம்மணி: இருக்கேன். எறா தலைய மட்டும் கிள்றேன்.

தசரதன்: வயித்துக்கு இன்னா பண்ற லோகு?

லோகாம்பாள்: எறா தடவறேன். தண்ணி வத்தற நேரத்துல எறங்கி, சேத்துல கையால தடவிப் புடிக்கறேன். பெருசு எல்லாம் ஒல்லாந்துக்காரன் கோட்டைச் சமையக்கட்டுக்குப் போவுது. சிறுசக் காய வெச்சு பொன்னேரி சந்தைக்கு அனுப்பறோம்.

தசரதன்: ஒண்டியாவா?

லோகாம்பாள்: ஒண்டியா மட்டும் இல்ல, ஒத்தக் கையால. இடது கை மடங்காதுல்ல.

தசரதன்: இன்னும்... சரியாவலையா?

லோகாம்பாள்: படகு தள்ற கழியால போட்டியே, மறந்துட்டியா? எலும்பு கூடிடுச்சு. கோணலாக் கூடிடுச்சு.

தசரதன்: அன்னிக்கு சாராயம் உள்ள போயி...

லோகாம்பாள்: அன்னிக்கு மட்டுமா?

தசரதன்: இப்ப தொடறதே இல்ல. ஆடிலேர்ந்து ஒரு சொட்டு கெடையாது. ஆத்தா மேல சத்தியம். நம்பு.

லோகாம்பாள்: நம்பறேன்.

தசரதன்: நம்பறியா?

லோகாம்பாள்: குடிக்கலைன்னு நம்பறேன். அடிக்க மாட்டேன்னு நம்பல. கொழம்புல உப்புக் கொறஞ்சதுக்கு அடிச்சியே, அன்னிக்கு நீ ஒண்ணும் குடிக்கல.

அம்மணி: நான் ஒண்ணும் சொல்லலப்பா. சும்மாதான் இருக்கேன்.

தசரதன்: நடந்தது நடந்துபோச்சு. ஊட்டுக்கு வந்துடு லோகு.

லோகாம்பாள்: எதுக்கு?

தசரதன்: எதுக்குன்னா... ஊடு ஊடாவே இல்ல.

லோகாம்பாள்: இங்க எனக்கு ஊடு ஊடாக் கீதுய்யா. படுத்தா தூக்கம் வருது. வெளிய காலடி கேட்டா, இன்னிக்கு எந்த மூஞ்சியோட வர்றானோன்னு நெஞ்சு அடிச்சிக்கறதில்ல. எறாக் கொழம்புல எனக்குப் புடிச்ச மாதிரி புளி கூட்டி ஊத்திக்கறேன். சந்தோசமா இருக்கேன். அத உன்கிட்ட எப்டிச் சொல்றதுன்னுதான் தெரியல.

அம்மணி: சொல்லிட்டியே.

தசரதன்: சரி, நிரந்தரமா வேணாம். ஒரு நாளைக்கு வந்துட்டுப் போ.

லோகாம்பாள்: ஒரு நாளைக்கா?

தசரதன்: நாளைக்கு. காலைல கூப்டுகினு போயி, உச்சிக்குள்ள நானே கொண்டாந்து வுட்டுடறேன்.

அம்மணி: நாளைக்கு இன்னா விசேசம்?

தசரதன்: விசேசம் ஒண்ணுமில்ல... கோயில்ல ஊரு கூடுது. நீயும் வந்து நின்னா நல்லா இருக்கும்னு...

லோகாம்பாள்: யோசிச்சு யோசிச்சு சொல்லாத. நாளைக்குப் பாடு போடறாங்கக்கா. அதான் சங்கதி.

தசரதன்: உனக்கு எப்டித் தெரியும்?

லோகாம்பாள்: நானும் அந்த ஊருலதானய்யா பதினோரு வருசம் குப்பை கொட்டுனேன்.

அம்மணி: பாடுன்னா இன்னா? நான் அனுப்பம்பட்டுல நாத்து நட்டவ. கருவாடு வாங்க வந்து இங்கியே தங்கிட்டேன். உங்க ஏரி வழக்கமெல்லாம் எனக்குப் புரியாது.

லோகாம்பாள்: மீனு நெறைய வர்ற எடம் ஏரியில கொஞ்சந்தான். எல்லாரும் அங்கியே வலை போட்டா மண்டை ஒடையும். அதான் மொறை வெச்சிக்கறது. இன்னிக்கு இந்த ஊட்டு வலை, நாளைக்கு அந்த ஊட்டு வலைன்னு. வருசத்துக்கு ஒரு தபா சீட்டு போட்டுப் பிரிப்பாங்க. அதுதான் பாடு.

அம்மணி: அதுக்கு நீ எதுக்கு?

லோகாம்பாள்: ஒண்டிக்கட்டைக்குப் பாடு கெடையாதுக்கா. புருசனும் பொண்டாட்டியுமா கோயில்ல நின்னு வெத்தலை வாங்கணும். அப்பதான் சீட்டுல பேரு.

அம்மணி: ஓ... சோறு எறங்காதது அதனாலயா.

தசரதன்: அப்டியெல்லாம் இல்லம்மா...

லோகாம்பாள்: நான் எங்கன்னு ஊருல கேப்பாங்களே, இன்னா சொல்லி வெச்சிருக்க?

தசரதன்: உங்கம்மாவுக்கு ஒடம்பு முடியல, கூட இருந்து பாத்துக்கறான்னு.

லோகாம்பாள்: எங்கம்மா செத்து ஆறு வருசம் ஆவுது.

தசரதன்: அது எனக்குத் தெரியும், ஊருக்கா தெரியப் போவுதுன்னு...

லோகாம்பாள்: பாடை தூக்குனதே நாளைக்குப் பாடு பிரிக்கற திருவேங்கட நாட்டாருதான்யா.

தசரதன்: ...அதான் சொன்னப்ப ஒரு மாதிரி பாத்தாரு.

அம்மணி: ஐயோ, வயிறு நோவுது. இந்த எறாவ யாராச்சும் கிள்ளுங்க, என்னால ஆவாது.

தசரதன்: சிரிக்காதீங்கம்மா. என் பொழப்பு போவுது. லோகு, ஒரே ஒரு நாளு. வெத்தலை வாங்கிட்டுத் திரும்பிடு.

லோகாம்பாள்: வெத்தலை வாங்குனா நான் உன் ஊட்டுல கீறேன்னு ஊரு முன்னால ஒத்துகினதா ஆவும். மறுநாளு படகு ஏறுனா ஓடிப்போனவன்னு பேரு. நீ வந்து இழுத்துகினு போனாலும் ஒருத்தனும் கேக்க மாட்டான்.

தசரதன்: இழுக்க மாட்டேன்.

லோகாம்பாள்: பத்து மாசத்துக்கு முன்னால எப்டி வந்தேன் தெரியுமா? ஒடைஞ்ச கையத் துணியில கட்டிகினு, இடுப்பளவு தண்ணியில நடந்து வந்தேன். உன் பொண்டாட்டியா அந்தத் தண்ணியில திரும்பி நடக்க மாட்டேன். ஒரு நாளைக்கும் மாட்டேன், ஒரு நாழிக்கும் மாட்டேன்.

தசரதன்: அப்ப நான் இன்னாதான் பண்றது? பாடு இல்லன்னா ஏரியில என் வலை எறங்காது. நைனா காலத்துலேர்ந்து வர்ற பாடு அது. கால்ல வுழுவட்டுமா?

லோகாம்பாள்: வேணாம், சேறாக் கீது.

அம்மணி: அழுவறியா இன்னா?

தசரதன்: இல்ல... சரி, நெசத்தையே சொல்லிடறேன். பாடுக்காகத்தான் வந்தேன். உன்னப் பாக்க வரல. அது இல்லன்னா இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன்.

லோகாம்பாள்: அப்பாடா. வந்ததுலேர்ந்து இது ஒண்ணுதான் நெசம். இரு, சோறு போடறேன். சாப்ட்டுட்டுப் போ.

தசரதன்: கோவம் இல்லையா உனக்கு?

லோகாம்பாள்: இருந்துச்சு. ரொம்ப நாளு இருந்துச்சு. இப்ப வேலை இருக்கு.

அம்மணி: லோகா, அவருதான் சொல்லிட்டாரே. நீயும் சொல்லிடு. ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுகினு இருந்தேன், இனிமே என்னால அடக்க முடியல.

தசரதன்: இன்னா சொல்லணும்?

லோகாம்பாள்: முந்தாநேத்து நீ பொன்னேரி சந்தைக்குப் போயிருந்தல்ல, நான் பசியாவரம் போயிருந்தேன். நேரா நாட்டாருகிட்ட நின்னேன். ஒண்டிக்கட்டைக்கு ஏன் பாடு இல்லன்னு கேட்டேன். பாடு அடுப்பு எரியற குடும்பத்துக்குத்தாம்மா, ஆளுக்கு இல்லன்னாரு. அப்ப எங்க அடுப்பு எங்க எரியுதுன்னு நீங்களே பாருங்கன்னேன். உன் ஊட்டுக்குப் போயி நாலு பெரியவங்களும் எட்டிப் பாத்தாங்க. அடுப்புக்குள்ள பூனை குட்டி போட்டு வெச்சிருந்துச்சு. அப்பால இங்க வந்து, என் கையால எறாக் கொழம்பும் சோறும் துன்னுட்டுப் போனாங்க. நாளைக்கு வெத்தலை எனக்குதான்யா, என் பேருலதான் சீட்டு. வலைக்கு மூணு ஆளு சொல்லி வெச்சிட்டேன், இன்னும் ஒரு ஆளு கொறையுது. வேணும்னா நீ வா. அவங்களுக்கு உள்ள பங்கு உனக்கும் உண்டு. ஆனா ஒண்ணு, தெனம் பொழுது சாஞ்சா உன்னப் பசியாவரத்துல எறக்கி வுட்டுட்டுதான் படகு இங்க வரும்.