தோற்றுப்போன ஜெனரல்

"எலெக்சன்ல தோத்தா முகத்த எங்க கொண்டு வைப்பாய்?" என்று மாமா கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். பிரதேச சபைக்கான வேட்புமனு கையெழுத்தில்லாமல் என் பையில் கிடந்தது.

நிந்தவூரில் பஸ் ஏறினேன். முன்னிருக்கையில் ஒரு இளைஞனும் வயதில் மூத்த ஒருவரும் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"துருக்கியில ஒரு ஜெனரல், காக்கா. சண்டையில வெண்டு, நாட்டையே ஆண்ட மனிசன். வோட்டுல தோத்ததும் கதிரைய விட்டு எழும்பிட்டாராம்."

"படை அவருட பக்கம்தானே?"

"ஓம். எண்டாலும் எழும்பிட்டார்."

"நம்மட பள்ளிவாசல் தலைவருக்கிட்ட படையுமில்ல, எழும்புறாருமில்ல! சரி, தோத்த மனிசன் முகத்த எங்க வச்சிருந்தாராம்?"

"பாராளுமன்றத்துல, எதிர்க்கட்சி வாங்குலதான் இருந்தார். பிறகு திரும்பவும் பிரதமரா வந்தார்."

கல்முனையில் இறங்கி, சமாதான நீதவானின் முன்னால் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.