ஒரு காது குடுங்கக்கா

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு எனக்கு ஆகாது சார். காற்று பட்டால் காது குடையும். என் தொழிலுக்குக் காதுதானே எல்லாம். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்பக்கமாகவே உட்காருவேன். ஜன்னலோரம் என்னோடு வேலை பார்க்கிற ஷமீமாவுக்கு. மில்லுக்குப் போகிற கூட்டத்துக்கு முன்னால் ஏறிப் பையைப் போட்டு இடம் பிடிப்பது என் வேலை.

பேரை எழுதிக்கொள்ளுங்கள், கிருபாபாய். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்வதை எழுத்தாக்கித் தரும் ஆபீசில் வெகுகாலமாக இருக்கிறேன். இப்போது மெஷினே முக்கால்வாசி எழுதிவிடுகிறது, நாங்கள் கேட்டுத் திருத்துகிறோம். அனீமியா என்று எழுதச் சொன்னால் நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நடுவில் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போடுவார்கள். அமெரிக்காக்காரர்களுக்கு அது வேண்டாம். ஃபாலோ அப் என்பது பெயராக வந்தால் நடுவில் சிறுகோடு, வினையாக வந்தால் கோடு கிடையாது. இந்தக் கோட்டுக்காக நானும் ஷமீமாவும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறோம். என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு யாரும் நெருங்கி இருந்ததில்லை.

சரியாகக் கேட்காவிட்டால் ஊகித்து எழுதக் கூடாது, அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்பது சட்டம். காலியிடம் கூடினால் மார்க்கும் குறையும். அதற்காக எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. தடுமாறுகிறவர்கள் "ஒரு காது குடுங்கக்கா" என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டு, அவர்கள் கீபோர்டிலேயே அடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். ஃபைல் அவர்கள் பேரில் போகும். என் காதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அம்மா போன பிறகு வீட்டில் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்தோத்திரம் சொல்லுவார்கள், அதோடு சரி. எனக்குப் பேச்சு என்றால் போகும்போது ஒரு பஸ், வரும்போது ஒரு பஸ். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வருஷம் ஷமீமாவுக்குச் சென்னை ஆபீசில் மேல்பதவி என்று பேச்சு வந்தது. மாதக் கடைசி வரை புகார் வராமல் இருந்தால் உறுதி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாள். நான் வாழ்த்தினேன். என்னையும் கூட்டிப் போயேன் என்று கேட்க வாய் வரவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் ஒருநாள் காது கேட்டாள். ஓர் அம்மாளை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன குறிப்பு. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிற இடத்தில் அவருக்குப் பின்னால் போன் அடிக்கிறது. ஷமீமா முறைப்படி காலியிடம் விட்டிருந்தாள். நான் கேட்டேன். ஒவ்வாமை எதுவும் இல்லை என்று அடித்தேன். அவள் "தேங்க்ஸ்க்கா" என்று அனுப்பிவிட்டாள்.

டாக்டர் படித்துப் பார்த்துக் கத்துவார், புகார் வரும், பதவி தள்ளிப்போகும் என்று நினைத்தேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நிறையப் பேர் படிப்பதில்லை, அது எனக்கும் தெரியும். கொஞ்ச நாளில் அந்த அம்மாள் நெஞ்சுச் சளியோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். எங்கள் குறிப்பை நம்பி அங்கே பென்சிலின் போட்டிருக்கிறார்கள். பிழைக்கவில்லை. பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளாம். வருத்தமான விஷயம்தான்.

சென்னை இல்லை என்று ஆயிற்று. இங்கே இருந்த வேலையும் அவளுக்குப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆபீசில் குடைந்து குடைந்து கேட்டும் அவள் என் பேரைச் சொல்லவில்லை. கடைசியாக நாங்கள் சேர்ந்து வந்த பஸ்ஸில் அழுதுகொண்டே சொன்னாள்.

"உங்களக் காட்டிக் குடுக்க மனசு வரலக்கா. இந்த வயசுல உங்களுக்கு வேற யாரு வேலை குடுப்பா? காது லேசா மந்தமாயிருச்சு போல. டாக்டர்ட்ட காட்டுங்க."

நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி அவள் எங்கேயும் போகப்போவதில்லை.

ஆனால் வேலை இல்லாதவளுக்குப் பஸ் எதற்கு? அதை நான் யோசிக்கவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனால் அம்மா மாஜிதா கதவைப் பாதி திறந்து, அவள் தூங்குகிறாள் என்பார். போன வாரம் கதவே திறக்கவில்லை. அவள் மேல் கேஸ் போடப்போகிறீர்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தேன்.

என் காதில் ஒரு குறையும் இல்லை சார். போன் மணிக்கு அடியில் டாக்டர் பென்சிலின் என்று சொன்னதும், சின்ன வயதில் ஒருமுறை மூச்சடைத்துச் சாகக் கிடந்தவர் என்று சொன்னதும் எனக்குச் சுத்தமாகக் கேட்டது. கேட்டுத்தான் அப்படி அடித்தேன்.

இதை ஷமீமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கோபம் வரும். வந்தால்தானே "ஏன்க்கா இப்படிச் செஞ்சீக" என்று கேட்க என்னைத் தேடி வருவாள். நாளைக் காலையில் ஜன்னலோரம் பையைப் போட்டு வைக்கிறேன்.