சம்பந்தி வீட்டுக்கு ஒரு வாளி கோழித்தீனி

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி.

“பொண்ணுக்குச் சம்பந்தம் பேச, கோழித்தீனியைத் தூக்கிட்டுப் போற மொத அப்பன் நீங்கதான்” என்றார் அந்த அம்மா. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

“பின்ன என்னளா செய்ய? பொண்ணு பாக்க வந்தவங்க, வீட்ல கள்ளு வாடை அடிக்குன்னுல்லா எந்திரிச்சுப் போயிட்டாங்க. ஊறப் போட்டுப் புளிச்ச கம்புதான்னு நேர்ல காட்டுனா நம்பிருவாங்க.”

“அன்னைக்கு ஒரு நா மட்டும் அதை மாடியில வைங்கன்னேன். கேட்டீங்களா?”

“வெயில்ல கெட்டுப் போவும்லா? கோழி வளக்குற வீடியோல நெழல்லதான் வைக்கச் சொல்லுதான்.”

“ஆமா, அதான் மாப்பிள்ளை நாற்காலிக்குப் பக்கத்துல நெழலா வச்சீங்க. கோழி எல்லாம் சொகமா இருக்கு. பொண்ணுதான் ரெண்டு நாளாச் சாப்பிடாமக் கெடக்கா.”

அவர் வாடை வெளியே வராதபடி மூடியை இன்னும் இறுக்கி அழுத்தினார்.

ஆத்தூர் தாண்டி ஒரு வேகத்தடை. மூடி டப்பென்று தெறித்தது. நுரை பொங்கி அவருடைய வெள்ளை வேட்டியில் வழிந்தது. நடத்துநர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அண்ணாச்சி, காலையிலேயேவா?” என்றார்.

“கோழிக்குய்யா!”

அந்த அம்மா கணவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“இதே வேட்டியோட போயி நில்லுங்க. உடனே நம்பிருவாங்க.”