மாமா போட்ட ஒத்த ஸ்டாரு

...எங்க மாமாவுக்கு அஞ்சு ஸ்டாரு போட மாட்டேங்கிறாங்கண்ணே. கெஞ்சிப் பாத்துட்டேன், ம்ஹூம். கம்பிய நல்லாப் புடிச்சுக்கங்க, நம்ம டிரைவரு உக்கிரபாண்டியண்ணன் வளைவு திரும்பி முடிச்சப்பறந்தேன் ஆரன் அடிப்பாரு. அவருக்குக் கேக்காது, காதுல பாட்டு ஓடுது. போடிமெட்டு ரோட்டுல நம்பர் ஒன் டிரைவரு இவருதேன். நான் சொல்லல, எங்க கம்பெனி ஆப்பு சொல்லுது.

'ஏறிக்கோ'ன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே? ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்துற ஜீப்பையெல்லாம் போனுக்குள்ள கொண்டாந்த கம்பெனி. போன வருசம் ஏலக்காய்க் கடை மாடியில ஒத்த ரூமு. இப்பக் கம்பம், குமுளி, மூணாறுன்னு எங்க பாத்தாலும் நாங்கதேன். வளந்த வேகத்துல நாற்காலி வாங்க நேரமில்ல, பாதிப்பேரு மூட்டை மேல உக்காந்துதேன் லேப்டாப்பு தட்டுறோம். அதுல நான் ஆப்பரேஷன்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டஜி மேனேஜரு. பேரு கார்த்திகா, சிலமலைக்காரி. அது என்ன சோலின்னு எங்கம்மா இன்னும் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கு. ஒரு ரூல் எழுதணும். அந்த ரூலால வர்ற வம்புக்கு இன்னொரு ரூல் எழுதணும். அம்புட்டுத்தேன் சோலி.

நான் எழுதுனது என்ன? எறங்குனதும் டிரைவருக்கு ஸ்டாரு போடணும். அஞ்சு போட்டா நல்ல டிரைவரு. ரெண்டுக்குக் கீழ போனா சவாரி கெடையாது. இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க? பெங்களூருல வித்யா மேடம், எங்க பெரிய மேடம், எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க.

மொத அடியே எங்க மொக்கச்சாமி மாமாவுக்கு. தாய்மாமன். எனக்குக் காது குத்துனப்ப மடியில வச்சு உக்காந்தவரு. அவரு ஜீப்புல டீ டம்ளரோட ஏறுனா மேல போற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாதுண்ணே. அந்த மனுசனுக்குத் தோட்டத்துப் பொம்பளைக அத்தன பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒத்த ஸ்டாரு.

நேராப் போயி அன்னக்கொடியக்காவக் கேட்டேன். காய் எடுத்துக்கிட்டே சொல்லுது: "ஏத்தா, பிள்ளைக்குக் கன்னத்துல பொட்டு வைக்காம வெளிய தூக்குவியா? எங்க உசுரெல்லாம் அவன் வண்டியிலதான போகுது. அவனுக்குப் போயி முழுசா அஞ்சும் போட்டுக் கண்ணு பட்டா என்ன ஆகுறது? அதேன் ஒண்ணோட நிறுத்திக்கிட்டோம்." அப்ப உக்கிரபாண்டிக்குன்னேன். "அவனுக்கு அஞ்சு. பட்டா அவனுக்குத்தான பட்டுட்டுப் போகுது"ங்குது!

மேடத்துக்கிட்ட சொன்னேன். சரி, தலைகீழா மாத்து, ஒண்ணுதேன் ஒசத்தின்னு அறிவிச்சுருன்னாங்க. அறிவிச்சோம். அன்னைக்கே மாமாவுக்கு அஞ்சு விழுந்து காலி, இந்த உக்கிரபாண்டியண்ணனுக்கு ஒண்ணு விழுந்து மறுக்காவும் மொத எடம். ஸ்டாரத் தூக்கிட்டுச் சிரிச்ச மூஞ்சி வச்சோம். சிரிச்ச மூஞ்சிக்குத்தேன் வெரசாக் கண்ணு படுமாம். கடைசியில பழைய அஞ்சுக்கே வந்துட்டோம்.

இப்ப மாமா அந்த ஜீப்புல ஆட்டுப்புழுக்கை லோடு அடிக்கிறாரு. எதிர்ல வந்தா என்னையப் பாக்காம வண்டியப் பாக்குறாரு. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள அந்தப் பொம்பளைக பழைய ஸ்டார மாத்திப் போடலைன்னா அவரு பேரே ஆப்புலருந்து அழிஞ்சுரும். நீதான எழுதுன, நீயே மாத்துன்னுதான பாக்குறீங்க? சொந்தக்காரவுகளுக்காக ரூல மாத்தக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கு. அதையும் நாந்தேன் எழுதுனேன். அதேன் அன்னக்கொடியக்கா கால்ல விழுகவாச்சும் மேல போறேன்...

இருங்க, மெசேஜு. மேடந்தேன். மேனேஜருக்கும் எல்லாரும் ஸ்டாரு போடணும்னு இந்த வாரம் கேட்டாங்க. "கங்ராஜுலேசன்ஸ் கார்த்திகா"ங்கிறாங்க. மலை முழுக்க எனக்கு அஞ்சாம்.

அஞ்சாண்ணே. அன்னக்கொடியக்கா அஞ்சு. பொம்பளைக அத்தன பேரும் அஞ்சு. டிரைவருக பூராம் அஞ்சு. அடப்பாவிகளா, நான் உங்களுக்கு என்ன பண்ணேன்... பண்ணேந்தேன், இல்லைங்கல. அதுக்காக இப்பிடியா?

ஒருத்தர் மட்டும் ஒண்ணு. மொக்கச்சாமி.

மாமா எனக்கு ஒத்த ஸ்டாரு போட்டிருக்காருண்ணே. இது பொட்டா, கோவமா? கோவம்னா நியாயந்தேன், அவரு பொழப்பக் கெடுத்தவ நானு. பொட்டுன்னா... பொட்டுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு முன்னால நிப்பேன்? நீங்க வெளியாளு, பாத்துச் சொல்லுங்க. அண்ணே?

அட, வண்டி மெதுவாப் போன சமயம் பாத்து எறங்கிட்டாரா இந்த மனுசன்.

உக்கிரபாண்டியண்ணே! பாட்டக் கொறைங்க. வண்டியத் திருப்புங்க, கீழ எங்க மாமா வீட்டுக்குப் போகணும். ஸ்டாருல கேட்டா வெளங்காது, நேர்லதேன் கேக்கணும். ஆமாண்ணே, உங்களுக்குப் போடாமலா? அஞ்சு போடுறேன். அஞ்சையும் முழுசாப் போடுறேன், திருப்புங்க.