கஸ்பர் அண்ணை பேசாத கூட்டம்

அன்றைக்கு மண்டபத்தில் சிற்றுண்டிக்கு றோல்ஸ் கொடுத்தார்களா, பற்றிஸ் கொடுத்தார்களா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. இவ்வளவு சிறிய விடயத்திலேயே தடுமாறுகிறவன் சொல்வதை எப்படி நம்புவது என்று நீங்கள் யோசிக்கலாம். மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

நான் புலம்பெயர்ந்த எங்கள் சனம் வாழும் அஜின்கோர்ட்டில் தமிழ் விழாக்களுக்கு அறிவிப்பாளராக இருப்பவன். மேடைக்கு வெளியே அதிகம் பேசமாட்டேன். புத்தகத்தை விரித்தால் பொழுதுபடும் வரை வாய் திறக்காமல் இருப்பேன்.

கஸ்பர் அண்ணை எங்கள் தொகுதியின் மாநகரசபை உறுப்பினர். அகதியாக வந்து, பேக்கரியில் மாவு குழைத்து, கல்விச்சபைக்குத் தெரிவாகி, பிறகு மாநகரசபைக்குப் போனவர். நல்ல மனிதர். எங்கள் தெருவில் நேரத்துக்குப் பனி அள்ள வைத்தது அவர்தான். ஒரே குறை, ஒலிவாங்கியைக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார். பிறந்தநாள் விழாவில் மெழுகுதிரி உருகி கேக்கில் ஒழுகும் வரை கழிவுநீர்க் குழாய்களைப் பற்றிப் பேசுவார். சாமத்திய வீட்டில் பூப்பெய்திய பிள்ளை பல்லக்கில் காத்திருக்க, புதிய பஸ் பாதையை விளக்குவார். பல்லக்குத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள்.

கடைசித் தேர்தலில் அவரை எதிர்த்து யூட்சன் என்ற இளைஞர் நின்றார். அப்போது ஒரு கதை பரவியது. அண்ணை பக்கத்து நகரமான மார்க்கத்தில் பெரிய வீடு வாங்கிக் குடிபோய்விட்டார், இனி எங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார் என்று. அது அவருடைய தம்பியின் வீடு. எனக்குத் தெரியும். இருந்தாலும் நானும் ஒரு சிலரிடம் சொன்னேன், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

வாக்களிப்புக்கு முதல் நாள் பின்னேரம் சமூக நிலையத்தில் அண்ணையின் கடைசிக் கூட்டம். வீடு யாருடையது என்று சொல்லவைக்கத் தம்பியையே மேடைக்குக் கூட்டிவந்திருந்தார். இருவரும் பேசினால் அண்ணை வென்றுவிடுவார்.

எங்கள் கூட்டங்களில் விளக்கேற்றிய பின் அகவணக்கம். போரில் இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து தலை குனிந்து நிற்போம். அறிவிப்பாளர் "அமருங்கள்" என்று சொல்லும் வரை ஒருவரும் உட்காரமாட்டார்கள்.

அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

முதலில் எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு சப்பாத்துக் கால்கள் அசைந்தன. முன்வரிசையில் நின்ற மங்கையற்கரசி அன்ரி பக்கத்தில் நின்றவரிடம் கேட்டது மேடை வரை கேட்டது.

"உவன் மறந்து போனானோ?"

"உஷ். அகவணக்கம், அன்ரி."

"அப்ப எனக்கும் சேர்த்து இப்பவே செலுத்திவிடுங்கோ. முழங்கால் போகுது."

நான் நிமிர்ந்து அவரைத் துக்கத்தோடு பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கஸ்பர் அண்ணை மெல்ல என்னிடம் நகர்ந்தார். "தம்பி, காணும். இனி நிப்பாட்டும்."

"நிப்பாட்டுறன் அண்ணை," என்றேன். "ஆனால் நீங்கள் சொல்லித்தான் நிப்பாட்டினது எண்டு சனத்துக்குத் தெரியும். பரவாயில்லையோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். வாக்குக் கேட்கிற மனிதர் இறந்தவர்களை இடையில் நிறுத்த முடியாது.

அடுத்ததாகப் பூப்பந்து விளையாட வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். எங்களைக் கண்டதும் மட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்களும் வரிசையாக நின்றார்கள். எங்களை வெளியேற்ற வந்த மண்டபப் பொறுப்பாளரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த மண்டபத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உண்மையில் மிகவும் அழகாக இருந்தது.

எங்களுக்குத் தந்த நேரம் முழுவதும் கழிந்த பிறகு "அமருங்கள்" என்றேன். பொறுப்பாளர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அண்ணையின் தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் மேடையால் இறங்கினார்.

இறந்தவர்களைக் கதவுக்கு முட்டுக் கொடுத்ததுபோல வைத்துவிட்டேன் என்று என் மனைவி மரியம்மா சொன்னாள். நான் அதைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தேன். அவர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. நான் சனத்தின் காதுகளுக்காகத்தான் அதைச் செய்தேன்.

கஸ்பர் அண்ணை தோற்றுப்போனார். இப்போது வீடு விற்கும் முகவர். வாங்க வருபவர்கள் அவர் பேசி முடிக்கும் முன்பே போய்விடுவதால் இன்னும் ஒன்றும் விற்கவில்லை. மேடை கிடைக்காததால் வீட்டில் பேசுகிறார். அவருடைய மனைவி அன்ரனெற் அக்கா மல்வேர்னில் மகளோடு போய் இருக்கிறார். மங்கையற்கரசி அன்ரிக்கு முழங்கால் மாற்றியிருக்கிறார்கள். யூட்சன் வென்று மாநகரசபையில் இருக்கிறார். மேடையில் இரண்டு வசனத்துக்கு மேல் பேசத் தெரியாத பிள்ளை. அவர் என்னுடைய அக்காவின் மகன். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.