கீழ்வீடு காலியில்லை

பொன்னுரங்கம்: ...அதாம்மா ரெபேக்கா, தளம் ஒழுவுது. ரிப்பேர் பாக்கணும். இந்த வாரத்துக்குள்ள கீழ்வீட்டக் காலி பண்ணிக் குடுத்துடு.

ரெபேக்கா: மாடியில நீங்க இருக்கீங்க. உங்க தலையில ஒழுவாம நேரா என் தலையிலயா ஒழுவுது?

பொன்னுரங்கம்: கிண்டல் பண்ணாத. அண்ணாமலை நகர்ல மெஸ் வெக்க வேற எடமா இல்ல?

ரெபேக்கா: இருக்கு மாமா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, போயிடறேன்.

பொன்னுரங்கம்: அடுப்புல கொழம்பு பொங்குது, மொதல்ல அதப் பாரு.

ரெபேக்கா: நீங்க ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போனன்னிக்கு பேங்க்காரங்க வந்தாங்க.

பொன்னுரங்கம்: வந்தாங்களா? உங்கிட்டயா...

ரெபேக்கா: உங்க மவன் செம்பியனோட கடைக்காக வூட்ட அடமானம் வெச்சீங்களாமே. தவணை நின்னுபோச்சு, வூட்ட எடுக்கப்போறோம்னாங்க.

பொன்னுரங்கம்: பெத்த புள்ள கேட்டான்... திங்கக்கெழம போலீசோட வர்றாங்கம்மா. உன் அண்டா குண்டாவத் தெருவுல தூக்கிப் போட்டா, சாப்புட வர்ற பசங்க எதிர்ல... எனக்குத் தாங்காது. அதான் அதுக்கு முன்னாடி...

ரெபேக்கா: போட முடியாது.

பொன்னுரங்கம்: யாரு சொன்னா?

ரெபேக்கா: கடலூர்ல வக்கீலம்மாவப் பாத்தேன். நீங்க அடமானம் வெக்கறதுக்கு முன்னாடியே நா குடிவந்தாச்சு. பத்து வருச ஒப்பந்தம், ரிஜிஸ்டர் ஆபீசுலயே பதிஞ்சது. அது முடியற வரைக்கும் பேங்கு என்னைக் கெளப்ப முடியாதாம். வாடகைய அவுங்ககிட்ட கட்டணும், அவ்ளோதான். மீறுனா தீர்ப்பாயத்துக்குப் போலாம். மனு எழுதியாச்சு.

பொன்னுரங்கம்: நெசமாவா? அப்பாடா... வயித்துல பால வார்த்த. அப்ப நானும் மாடியில...

ரெபேக்கா: அது குடித்தனக்காரங்களுக்கு மட்டுந்தானாம் மாமா. மொத கேள்வியே உங்களப் பத்திதான் கேட்டேன். வூட்டுக்காரரு போயித்தான் ஆவணும்னுட்டாங்க.

பொன்னுரங்கம்: அது சரி. கையெழுத்துப் போட்டவன் நாந்தான. குடித்தனம் உள்ள, வூட்டுக்காரன் வெளிய... சிரிப்பு வருது பாரு.

ரெபேக்கா: கண்ணத் தொடைங்க.

பொன்னுரங்கம்: உன் தாளிப்பு நெடிம்மா அது. எனக்கென்ன, அண்ணாகிராமத்துல தங்கச்சி இருக்கா. வான்னு சொல்லிட்டா.

ரெபேக்கா: அவுங்களோட நேத்துதான் போன்ல பேசுனேன். நீங்க எதுவுமே கேக்கலியாமே.

பொன்னுரங்கம்: ...எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேக்கறது?

ரெபேக்கா: யாரையும் கேக்க வேணாம். ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வூடு பேசி முடிச்சிட்டேன். யாரு குடி வர்றாங்கன்னு கேட்டாங்க. எங்கப்பான்னு சொல்லிட்டேன்... நீங்க போயி மாத்திச் சொல்லிடாதீங்க.